மஞ்சள் வளையம் போட்ட மரங்கள்

"தம்பி, இந்த டேப்பு பொய் சொல்லுது."

ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்த அண்ணி சொன்னாள். ஊசி நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையிலிருந்து அவன் எதையுமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

"திரைச்சீலைக்கு அளவெடுக்கலாம்னு பார்த்தா, நம்ம ஆபீஸ் ஜன்னல் ஒரு அடிகூட முழுசா இல்லைங்குது. நேத்து வரைக்கும் இதுல தலையை நீட்டித்தான் தெருவுல போறவங்களை வேடிக்கை பார்த்தேன். ஒண்ணு ஜன்னல் சுருங்கியிருக்கணும், இல்ல என் தலை சுருங்கியிருக்கணும். உங்களோட வேலை பார்த்தா ரெண்டாவதுதான் நடக்கும்."

ஊசி என்பது அவனுக்குப் பிறர் வைத்த பெயர். ஆள் அப்படி ஒல்லி. எதையும் குத்திப் பார்க்காமல் விடமாட்டான் என்பதாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கதவில் 'துப்பறியும் நிறுவனம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் உள்ளே இரண்டே பேர்: அவனும் அவனுடைய அண்ணன் மனைவியும். அண்ணனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி தண்ணீரிலேயே போய்விடும். "வீட்ல சுவரோட பேசிப் பேசி அலுத்துப்போச்சு. உங்களோட பேசிப் பார்க்கிறேன், பெரிய வித்தியாசம் இருக்காது" என்று சொல்லி அண்ணி இங்கே வந்து சேர்ந்தாள்.

"அதை எங்கேருந்து எடுத்தீங்க?"

"உங்க கோட்டுப் பையிலேருந்து."

"அண்ணி! அது சாட்சிப் பொருள்."

"சாட்சியா? அதான் பொய் சொல்லுதா?"

"பொய் இல்ல. மரத்தைச் சுத்திக் கட்டினா நேரா அந்த மரத்தோட குறுக்களவைச் சொல்ற டேப்பு. மூணு அடியைக் காட்டினா ஒரு அடிக்குக் கம்மியாத்தான் சொல்லும். ஜன்னலுக்கு ஆகாது."

அண்ணி டேப்பை மேசையில் வைக்கப் போனாள். அது அவள் விரலை விட்டு வரவில்லை. இழுத்தாள். நூல் நூலாக ஏதோ நீண்டது.

"ச்சே, என்ன இது பிசுபிசுன்னு. நேத்து அந்த ஆள்கிட்டேருந்து பிடுங்கினீங்களே, பாகுல முக்கி வச்சிருந்தாரா?"

'நேத்து' என்றதும் ஊசிக்குக் காது மடல் சுட்டது.

நேற்று அவனை அழைத்திருந்தது, காடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் ஒரு அலுவலகம். நிற்கிற மரங்களில் எவ்வளவு கார்பன் அடைந்திருக்கிறது என்று அங்கே அளந்து சொல்வார்கள். செயற்கைக்கோள் படங்களில் அந்தக் காடு வருடா வருடம் பச்சைப் பசேலென்று முழுசாக இருந்தது. படத்தை மட்டும் நம்பக் கூடாதென்று தரையிலும் ஒரு சரிபார்ப்பு. காட்டுக்குள் ஆங்காங்கே சிறு வட்டங்கள் குறித்து, வட்டத்துக்குள் நிற்கும் மரங்களை ஒரு ஆள் போய் டேப்பால் அளந்து வருவார். அந்த எண்களும் முழுசாகவே இருந்தன. இந்த வருடம் முதல் தடவையாக விமானத்திலிருந்து லேசர் ஒளியை இலைகளுக்கு இடையே பாய்ச்சிப் பார்த்தார்கள். மேலே பச்சை இருந்தது. கீழே பாதிக் காடு இல்லை.

யாரோ பொய் சொல்கிறார்கள். ஊசி அரை நாளில் ஆளைப் பிடித்துவிட்டான். அளக்கிற ஆள். டேப்புக்காரர் என்று அலுவலகமே கூப்பிடும், அதிர்ந்து பேசாத மனிதர். பாதிக் காடு போன இடத்தில் அவர் எண்களில் ஒரு மரம்கூடக் குறையவில்லை. எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டே வந்தன. அப்படியானால் அவை வீட்டில் உட்கார்ந்து எழுதிய எண்கள். எல்லோரையும் கூடத்தில் கூட்டி, நடுவில் அவரை நிறுத்தி, ஊசி அதை நாடகம் போல அவிழ்த்துக் காட்டினான். பையில் இருப்பதையெல்லாம் மேசையில் வைக்கச் சொன்னான். அவர் டேப்பை வைத்தார். பேனாவை வைத்தார். உறை பிரிக்காத ஒரு மிட்டாயையும் வைத்தார். யாரோ சிரித்தார்கள்.

"சார், நான் அளந்த மரமெல்லாம் அங்கதான் நிக்குது. வட்டத்துக்கு வெளியே..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். பின்வரிசையில் கைதட்டல்கூட விழுந்தது. ஊசி அதை ரசித்தான். இப்போது அதுதான் உறுத்தியது. கைதட்டல் ஓய்ந்தபோது அவன் பார்த்தது டேப்புக்காரரின் கையை. சட்டையின் காலிப் பையை அது தடவிக்கொண்டே இருந்தது.

ஊசி எழுந்து வந்து டேப்பை வெளிச்சத்தில் பிடித்தான். மேலே ஒட்டியிருந்தது தேன் நிறத்தில் மினுங்கியது. நகத்தால் கீறினான். அமுங்கியது.

"பிசின், அண்ணி. மரத்துப் பிசின். பழசா இருந்தா கண்ணாடி மாதிரி உடைஞ்சிருக்கும். இது இன்னும் இளகலா இருக்கு."

"சரி."

"வீட்ல உட்கார்ந்து எண் எழுதுற ஆளோட டேப்புல புதுப் பிசின் எப்படி வரும்?"

"நாற்காலியை அளந்திருப்பாரோ?" சொல்லிவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இது என்ன, மஞ்சளா பொடிப் பொடியா?"

பிசினோடு சேர்ந்து பெயிண்ட் துணுக்குகள்.

"வட்டத்துக்கு வெளியேன்னு அந்த ஆள் ஏதோ சொல்ல வந்தாரே தம்பி. நீங்க பட்டுன்னு கதவைச் சாத்தினீங்க."

"ஞாபகம் இருக்கு."

"எனக்கும் இருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் அந்த ஆபீஸ் கமிட்டி கூடுது. அவரை போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க." அண்ணி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "ஜீப் சாவி என்கிட்டதான் இருக்கு. கிளம்புங்க."

டேப்புக்காரர் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. பாதிதான் திறந்தார். மீதிப் பாதியைத் தோளால் அடைத்துக்கொண்டு நின்றார்.

"அவரைப் பார்க்கணும். ஒரே ஒரு கேள்விங்க."

"நேத்தும் கேள்விதான் கேட்டீங்களாம்."

அண்ணி முன்னால் வந்தாள். "அக்கா, அவர் ஏதோ சொல்ல வந்தாரு, நாங்க கேட்காம விட்டுட்டோம். அதைக் கேட்கத்தான் வந்திருக்கோம்."

"சொல்ற நிலைமையில இல்லம்மா. நேத்துப் போட்ட சட்டையோட உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கல. பொண்ணு வேலைக்குப் போகல. அவகூட வேலை பார்க்கிறவங்க போன்லயெல்லாம் நேத்து கூடத்துல யாரோ எடுத்த வீடியோ இருக்காம். அப்பா பையிலேருந்து மிட்டாய் எடுத்து வைக்கிறாராம். அதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்களாம்." அவர் ஊசியை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "அந்த மிட்டாய் அவளுக்கு வாங்கினது. கல்யாண வயசு வந்தும் அவளுக்கு மிட்டாய் வாங்கிட்டுத்தான் வருவார்."

கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. ஓங்கிச் சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஊசிக்குத் தோன்றியது.

காடுவரைக்கும் அண்ணி ஒரு கிண்டல்கூடச் செய்யாமல் ஜீப்பை ஓட்டினாள். அவளுக்கு அது பெரிய தவம்.

காட்டுக்குள் வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரமும் டேப்புக்காரர் எழுதிய எண்களும் ஊசியின் போனில் இருந்தன. நேற்றே இருந்தன. நேற்றே வந்திருக்கலாம்.

முதல் வட்டத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது. பருத்த பருத்த மரங்கள், ஒவ்வொன்றிலும் நெஞ்சு உயரத்தில் மஞ்சள் பெயிண்டில் ஒரு வளையம்.

ஊசி டேப்பை ஒரு மரத்தில் சுற்றினான். போனைப் பார்த்தான். எண் ஒத்துவரவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியை நினைத்து அடுத்த நொடியே கூசிப்போனான்.

"எங்க சுத்துறீங்க?" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க நெஞ்சு உயரம் எங்க, அவர் நெஞ்சு உயரம் எங்க. வளைஞ்ச ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்துகிட்டு. பெயிண்ட் மேலேயே சுத்துங்க."

மஞ்சள் வளையத்தின் மேல் வைத்துச் சுற்றினான். டேப்பு பட்டையில் ஒட்டிப் பிசினோடு வந்தது. எண்ணைப் பார்த்தான். போனைப் பார்த்தான். புள்ளிக்குப் பின்னால் இருந்த இலக்கம்வரை ஒன்றாக இருந்தது.

அடுத்த மரம். ஒன்றாக இருந்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு மரமும் அவன் கன்னத்தில் ஒன்று வைத்து அனுப்பியது.

"போதும் தம்பி. எல்லாத்துகிட்டயும் வாங்கிக்கிட்டுத்தான் வரணுமா?"

"வட்டத்துக்கு வெளியே என்ன இருக்குன்னு பார்க்கணும்."

வட்டத்தைத் தாண்டினால் அங்கேயும் பச்சைதான். கொடிகள், அகலமான இலைச்செடிகள், கை மொத்தத்தில் நெடுநெடுவென்று வளர்ந்த கன்றுகள். தலைக்கு மேலே வானம் தெரியாத அளவுக்குப் பின்னிக்கிடந்தது. ஊசி நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் முகம் குப்புற விழுந்தான்.

"பார்த்து!"

காலில் இடறியதன் மேல் படர்ந்திருந்த கொடியை விலக்கினான். அடிக்கட்டை. இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு அகலம். பக்கத்துக் கொடியை விலக்கினால் இன்னொன்று. அண்ணி அந்தப் பக்கமாகப் போய் செடிகளைக் காலால் தள்ளினாள். அங்கேயும். வட்டத்தின் விளிம்புவரை நெருங்கி வந்து, விளிம்போடு நின்றிருந்தன அடிக்கட்டைகள். கோடு கிழித்தது போல.

"எங்க வீட்டு லட்சணம்தான் இது," என்றாள் அண்ணி. "விருந்தாளி வந்து உட்கார்ற அறையை மட்டும் பெருக்கித் துடைச்சு வச்சிருப்பேன். உள்ளே போனா கால் வைக்க இடம் இருக்காது. ஆனா மேலேருந்து படம் எடுத்தாங்களே, அதுல இது தெரியாதா?"

"ஒரு பெரிய மரத்தை எடுத்தா, ஒரே மழைக்காலத்துல கொடியும் செடியும் அந்த ஓட்டையை மூடிடும். செயற்கைக்கோளுக்கு இலைதான் தெரியும். எல்லாம் பச்சை. தலைமுடியைப் பார்த்து உடம்பு எடையைச் சொல்ற மாதிரி. அதனாலதான் தரையில அளந்த மரத்தை வச்சு, ஒரு பச்சைக்கு இவ்வளவு எடைன்னு கணக்குப் போடுவாங்க."

"அந்த அளந்த மரத்தை மட்டும் திருடன் தொடல."

"தொடல. டேப்புக்காரர் எழுதினது அத்தனையும் நிஜம்."

"அப்ப எந்தெந்த மரத்தை அளக்கிறாங்கன்னு திருடனுக்கு யார் சொன்னது? யார் அந்தக் கருங்காலி?"

ஊசி கையை நீட்டினான். மரங்களுக்கு நடுவே மஞ்சள் வளையங்கள் பளிச்சென்று நின்றன. அண்ணி வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"யாரும் சொல்ல வேண்டாமே," என்றாள் மெதுவாக. "பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. இதை விட்டுட்டு மத்ததை எடுத்துக்கோன்னு."

"அளக்கிற மரத்துல வெளியே அடையாளம் வைக்கக் கூடாது அண்ணி. வேருக்குப் பக்கத்துல மண்ணுக்குள்ள ஒரு சின்ன தகடு, அவ்வளவுதான். அந்த ஆபீஸ்ல நேத்துக் காலையிலேயே எனக்குச் சொன்னாங்க. அந்த முறையை மீறி இதை யார் போடச் சொன்னது?"

கேட்கும்போதே விடை கண்முன் வந்து நின்றது. சட்டம் போட்டு, கண்ணாடி பதித்த ஒரு படமாக. நேற்று அதன் எதிரே நின்று அவன் பாராட்டியும் இருந்தான்.

அவனை அழைத்த அலுவலகத்தின் இயக்குநர் அம்மாளின் அறையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அந்தப் படம். கோட்டும் சூட்டுமாக விருந்தினர்கள், நடுவில் அவர். எல்லோருடைய கையும் மரங்களின் மேல். எல்லா மரத்திலும் மஞ்சள் வளையம்.

"நேத்து நல்ல படம்னு சொன்னேன் மேடம்."

"சொன்னீங்க."

"அந்த வளையம் யார் போடச் சொன்னது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காட்டுக்குப் பணம் கொடுக்கிறவங்க பார்க்க வந்திருந்தாங்க. அவங்களைக் குனிஞ்சு மண்ணுல தகடு தேடுங்கன்னு சொல்ல முடியுமா? படத்துல எடுப்பா தெரியணும்னு நான்தான் போடச் சொன்னேன்."

"படத்துல மட்டுமா தெரிஞ்சுது? திருடனுக்கும் தெரிஞ்சுது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"டேப்புக்காரர் வந்து உங்ககிட்ட சொன்னாரா? வட்டத்துக்கு வெளியே மரம் போகுதுன்னு?" ஊசி இருட்டில் கல் எறிந்தான். கல் எதன்மேலோ பட்டது.

"சொன்னார். வளையம் போட்ட மறுவருஷமே சொன்னார். வெளியே இருக்கிறது நம்ம கணக்குல வராது, உங்க வேலையைப் பாருங்கன்னு அனுப்பிட்டேன். காடு போகுதுன்னு தெரிஞ்சா பணம் நின்னுடும். பணம் நின்னா மிச்சம் இருக்கிற பாதிக்கும் காவல் இருக்காது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"அப்ப விமானம் வந்து பார்த்தப்பவே உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுமா என்னைக் கூப்பிட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான் கூப்பிட்டேன்."

ஊசிக்குப் புரியவில்லை. பிறகு லேசாகப் புரிய ஆரம்பித்தது. முழுசாகப் புரியாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

"உங்க தொழில்ல இருக்கிற வேற ரெண்டு பேரையும் விசாரிச்சேன்," என்றார் அவர். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "ஒருத்தர் மாசக்கணக்கா தோண்டுவேன்னார். இன்னொருத்தர் முதல்ல காட்டைப் பார்க்கணும்னார். நீங்க மட்டும்தான் 'ஆபீஸ்ல எத்தனை பேர் வேலை செய்யிறாங்க'ன்னு கேட்டீங்க. நீங்க ஒரு ஆளைத்தான் தேடுவீங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

ஊசி அண்ணியைப் பார்த்தான். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது கிண்டல் செய்யமாட்டாளா என்று ஏங்கினான்.

தன் சாமர்த்தியத்தை நம்பி அழைத்தார்கள் என்று நினைத்திருந்தான். அவசரத்தை நம்பி அழைத்திருக்கிறார்கள்.

"கூடத்துக்கு வாங்க மேடம்," என்றான்.

கமிட்டிக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். டேப்புக்காரரும் வந்திருந்தார். அதே சட்டை. நேற்று நின்ற இடத்திலேயே, யாரும் சொல்லாமலே போய் நின்றிருந்தார்.

ஊசி கூடத்தை ஒருமுறை பார்த்தான். "நேத்து இருந்தவங்க எல்லாரும் வந்தாச்சா? டீ கொண்டுவந்த அம்மா ஒருத்தர் இருந்தாங்க. அவங்களையும் கூப்பிடுங்க."

ஒருவர் போய் அவரை அழைத்து வந்தார். அந்த அம்மா கையைத் துடைத்தபடி வந்து ஓரமாக நின்றார்.

"நேத்து வீடியோ எடுத்தவங்க யாரு? திட்டமாட்டேன். இன்னைக்கும் எடுங்க. நேத்து எங்கேருந்து எடுத்தீங்களோ அங்கேயே நின்னு எடுங்க."

தயங்கித் தயங்கி ஒரு போன் உயர்ந்தது.

"நேத்து இவரைப் பொய்யர்னு சொன்னேன்," என்றான் ஊசி. "அப்ப நான் காட்டைப் பார்க்கல. ஒரு மரத்தைக்கூடப் பார்க்கல. இன்னைக்குப் போய் இவர் டேப்பாலேயே அளந்தேன். இவர் எழுதின ஒரு எண்கூடத் தப்பில்ல. தப்பு என்னோடது. இவர் சொல்ல வந்ததையும் நான் சொல்ல விடல." அதற்கு மேல் அழகாகச் சொல்ல ஜீப்பில் ஏதேதோ யோசித்து வைத்திருந்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "மரத்துல மஞ்சள் வளையம் போட்டுத் திருடனுக்கு வழி காட்டினது யாருன்னு அவங்களே சொல்லுவாங்க."

இயக்குநர் கதவருகே நின்றிருந்தார். "நான்தான்," என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. அவருக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

ஊசி தன் கோட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்து மேசையில், நேற்று டேப்புக்காரர் வைத்த அதே இடத்தில் வைத்தான். கைதட்டல் இல்லை. டேப்புக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எடுக்கவில்லை.

"பாதிதான் சார் நீங்க சொன்னது," என்றார் கடைசியில்.

"என்னது?"

"நான் பொய் எழுதல. ஆனா உண்மையையும் எழுதல. ஒரு தடவை வந்து சொன்னேன். உன் வேலையைப் பாருன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு வட்டத்துலேருந்து அடுத்த வட்டத்துக்குப் போகும்போது தலையைக் குனிஞ்சுக்குவேன். காலடியில கட்டை தட்டும். தட்டினா தாண்டிப் போவேன், பார்க்கமாட்டேன். பார்க்கலைன்னா தெரியாதுன்னு சொல்லிக்கலாம்ல." அவர் கை மறுபடி சட்டைப் பையைத் தடவியது. "நேத்து நீங்க பொய்யன்னு சொன்னப்ப, மரத்தைப் பத்திச் சொல்றீங்கன்னு எனக்குத் தோணல. அதான் சும்மா நின்னேன்."

போன் வைத்திருந்த கை மெல்லத் தாழ்ந்தது. "எடுங்க," என்றார் டேப்புக்காரர், அந்தப் பக்கம் பார்க்காமலே. கை மறுபடி உயர்ந்தது.

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "ஜீப்ல இடம் இருக்கு அண்ணே," என்றாள். "முன்சீட்டு. தம்பியைப் பின்னாடி போட்டுக்கலாம், அவருக்கு இடம் அதிகம் வேணாம்."

டேப்புக்காரரின் உதட்டில் ஏதோ ஒன்று வந்து, சிரிப்பாக மாறாமல் போனது. அவர் டேப்பை எடுத்தார். "அடிக்கட்டையை அளந்தாலும் எவ்வளவு போச்சுன்னு கணக்குச் சொல்லலாம் சார். இன்னும் யாரும் அளக்கல. சிலது ரொம்ப அகலம். ஒரு ஆளால சுத்த முடியாது."

டேப்பின் முனையை இழுத்து ஊசியிடம் நீட்டினார்.

ஊசி பிடித்துக்கொண்டான். பிசின் விரலில் ஒட்டியது. இன்னொரு கையால் துடைத்தான். அந்தக் கையிலும் ஒட்டிக்கொண்டது.